பள்ளி மேலாண்மைக் குழுவில் உங்கள் பெயரும் வந்துவிட்டதா? வடசென்னைப் பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

என் மகள் எட்டாம் வகுப்பு படிக்கும்போது, தண்டையார்பேட்டைப் பக்கம் உள்ள ஒரு மாநகராட்சி உயர்நிலைப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் என் பெயரைச் சேர்த்தார்கள். கை தட்டினார்கள், டீ கொடுத்தார்கள், ஒரு நோட்டில் கையெழுத்து வாங்கினார்கள். நான் எதற்குக் கையெழுத்துப் போட்டேன் என்று எனக்குப் புரிய ஆறு மாதம் ஆனது. அதற்குள் ஒரு நிதியாண்டே கைவிட்டுப் போயிருந்தது. பெண் பிள்ளைகளின் கழிப்பறைக்கு மூன்று கதவு மாட்ட ஒன்றரை வருடம் அலைந்தேன். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

இதை எழுதும்போது குழுவில் பெற்றோராக இருப்பவர்கள்தான் என் மனதில் இருந்தார்கள். ஆசிரியர் பிரதிநிதியாக இருப்பவர்களுக்கும் நடுவில் ஒரு வார்த்தை உண்டு.

1. உங்கள் பள்ளி யாருடையது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

"கவர்மெண்ட் ஸ்கூல்" என்று நாம் எல்லாவற்றையும் ஒரே பெயரில் சொல்லிவிடுகிறோம். மனு கொடுக்கப் போகும்போதுதான் வித்தியாசம் தெரியும். வடசென்னையில் மூன்று வகைப் பள்ளிகள் இருக்கின்றன.

மாநகராட்சிப் பள்ளிகள், அதாவது "சென்னைப் பள்ளி" என்று பலகை மாட்டியிருப்பவை, ரிப்பன் மாளிகையில் உள்ள மாநகராட்சிக் கல்வித் துறையின் கீழ் வருகின்றன. பள்ளிக்கல்வித் துறையின் பள்ளிகளுக்கு மாவட்டக் கல்வி அலுவலர், அவருக்கு மேல் முதன்மைக் கல்வி அலுவலர். மூன்றாவது அரசு உதவிபெறும் பள்ளிகள். ராயபுரம், வண்ணாரப்பேட்டை, பெரம்பூர் பக்கம் இவை நிறைய உண்டு. அங்கே ஆசிரியர் சம்பளத்தை அரசு தந்தாலும் நிர்வாகம் தனியாருடையது. 2012-இல் கல்வி உரிமைச் சட்டத்தில் செய்த திருத்தத்தின்படி, உதவிபெறும் பள்ளிகளில் இந்தக் குழுவுக்கு ஆலோசனை சொல்லும் வேலை மட்டும்தான். உங்கள் பிள்ளை அப்படிப்பட்ட பள்ளியில் படித்தால், கீழே நான் சொல்லும் பணம் சார்ந்த படிகளில் பாதி உங்களுக்குப் பொருந்தாது. தீர்மானம் எழுதும் பகுதி அப்படியே பொருந்தும்.

திருவொற்றியூர், மணலி, மாதவரம் மண்டலக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. சென்னையோடு பின்னால் இணைந்த பகுதிகளில் பள்ளிக்கல்வித் துறையிடம் இருந்த 139 பள்ளிகள் மாநகராட்சிக்கு மாற்றப்பட்டன. பழைய பெயரே இன்னும் பலர் வாயில் இருக்கிறது. தலைமை ஆசிரியரிடம் "இப்போது நாம் யார் கீழே இருக்கிறோம்?" என்று நேராகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். தவறான அலுவலகத்தில் கொடுத்த மனு யாரிடமும் போகாது. மேசை மேலேயே கிடக்கும்.

2. குழுவுக்குள் வருவது

2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவுதான் இந்தக் குழுவுக்கு அடிப்படை. உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோராக இருக்க வேண்டும். பாதிப் பேர் பெண்கள். நலிந்த பிரிவினரின் பிள்ளைகளுடைய பெற்றோருக்கும் உரிய இடம் உண்டு. தமிழ்நாட்டில் 2022-இல் குழுக்களைப் புதிதாக அமைத்தபோது 20 பேர். 2024-இல் முன்னாள் மாணவர்களையும் சேர்த்து 24 பேர் ஆக்கினார்கள். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றி அமைக்க வேண்டும். தலைவர் பெற்றோரில் ஒருவர்தான். தலைமை ஆசிரியர் கூட்டுநர், அதாவது கூட்டத்தைக் கூட்டி நடத்துபவர். வார்டு கவுன்சிலர், ஆசிரியர் பிரதிநிதி எல்லாரும் இருப்பார்கள்.

குழு உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும் நாளில் பள்ளிக்குப் போனால் போதும். தேவையானவை: உங்கள் பிள்ளை அந்தப் பள்ளியில் படிக்க வேண்டும், பள்ளியின் எமிஸ் பதிவில், அதாவது மாணவர் விவரங்களை ஏற்றி வைக்கும் கணினிப் பதிவில், உங்கள் இப்போதைய கைபேசி எண் இருக்க வேண்டும். இந்த இரண்டாவதில்தான் பலர் மாட்டுகிறார்கள். பிள்ளையைச் சேர்த்தபோது கொடுத்த எண் எப்போதோ மாறிப்போயிருக்கும். டி.என்.எஸ்.இ.டி. பேரண்ட்ஸ் என்ற செயலியில்தான் தீர்மானங்களும் பள்ளி மேம்பாட்டுத் திட்டமும் பதிவாகின்றன. அதற்குள் நுழைய பள்ளியில் பதிந்த எண் வேண்டும். அந்த நாளுக்கு ஒரு வாரம் முன்பே வகுப்பாசிரியரிடம் சொல்லி எண்ணை மாற்றிவிடுங்கள்.

செலவு எதுவும் இல்லை. சம்பளமும் இல்லை. பிள்ளை பத்தாவது முடித்து வெளியே போனால் நம் இடமும் போகும். ஆகவே எட்டாவது, ஒன்பதாவது படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் வருவது நல்லது. பத்தாவது பிள்ளையின் பெற்றோர் வந்தால் வேலையைக் கற்றுக்கொள்வதற்குள் நேரம் முடிந்துவிடும்.

3. முதல் கூட்டத்துக்கு முன் கேட்டு வாங்க வேண்டியவை

தலைமை ஆசிரியரைத் தனியாகப் பார்த்து, மரியாதையாக, இவற்றைக் கேளுங்கள்:

கூட்டப் பதிவேடு (தீர்மான நோட்டு). கடந்த இரண்டு வருடத்துத் தீர்மானங்களை உட்கார்ந்து படியுங்கள். குழுவின் வங்கிக் கணக்குப் புத்தகம் அல்லது வரவு செலவு விவரம். இப்போதுள்ள பள்ளி மேம்பாட்டுத் திட்டம். வகுப்புவாரியாக மாணவர் எண்ணிக்கை, பாடவாரியாக ஆசிரியர் காலியிடம்.

"இதெல்லாம் ஆபீஸ் பேப்பர்ம்மா, உங்களுக்கு எதுக்கு?" என்று என்னிடம் கேட்டார்கள். கோபப்படாதீர்கள். கூட்டப் பதிவுகளைப் பொதுமக்கள் பார்க்கலாம் என்று கல்வி உரிமைச் சட்ட விதிகளே சொல்கின்றன, நீங்களோ உறுப்பினர். "டீச்சர், படிச்சுட்டு இங்கயே குடுத்துடுறேன்" என்று சொல்லி, அலுவலக அறையிலேயே உட்கார்ந்து குறிப்பெடுங்கள். இரண்டாவது நாள் எனக்கு அவர்களே நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள். பல தலைமை ஆசிரியர்களுக்கும் துணைக்கு ஆள் வேண்டும். மேலே எழுதி எழுதிப் பதில் வராமல் சலித்துப்போயிருப்பார்கள்.

பழைய தீர்மானங்களைப் படித்தபோது ஒன்று கண்ணில் பட்டது. "குடிநீர் வசதி ஏற்படுத்தித் தர வேண்டும்" என்ற அதே வரி ஏழு கூட்டங்களில், ஏழு கையெழுத்து வரிசையோடு, மாறாமல் இருந்தது. யாரும் அதை யாருக்கும் அனுப்பவில்லை.

4. நாட்காட்டிதான் எல்லாம்

பணம் ஏப்ரலில் தொடங்கி மார்ச் 31-இல் முடியும். பள்ளி ஜூனில் தொடங்கும். இந்த இரண்டு நாட்காட்டிக்கும் நடுவில் சிக்கித்தான் வேலைகள் கெடுகின்றன.

விதிப்படி பள்ளி மேம்பாட்டுத் திட்டம் மூன்று ஆண்டுக்கானது, அதற்குள் ஆண்டுவாரியாகத் துணைத்திட்டம் இருக்க வேண்டும். அது நிதியாண்டு முடிய மூன்று மாதத்துக்கு முன்பே, அதாவது டிசம்பருக்குள், தயாராக வேண்டும். மாநகராட்சியின் பட்ஜெட் பிப்ரவரி–மார்ச் வாக்கில் வரும். ஜனவரிக்குப் பிறகு கொடுத்த கோரிக்கை அடுத்த பட்ஜெட்டுக்குத்தான்.

நான் செய்த தவறு இது. பிப்ரவரியில் தீர்மானம் போட்டோம். மதிப்பீடு போட ஆள் வந்தது ஏப்ரலில். "போன வருஷப் பணம் முடிஞ்சிடுச்சும்மா, புதுசா அனுப்புங்க" என்றார்கள். ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் பிள்ளைகள் அந்தத் துருப்பிடித்த கதவுகளோடே இருந்தார்கள்.

அதனால் என் கணக்கு இப்படி. ஜூலையில் பள்ளியைச் சுற்றிப் பார்த்துக் குறை எழுதுங்கள். ஆகஸ்டில் தீர்மானம். செப்டம்பருக்குள் பொறியாளரை வரவழைத்து எஸ்டிமேட். தீபாவளிக்குப் பிறகு என்று தள்ளிப்போடாதீர்கள். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை நம் பக்கம் மழையும் தண்ணீரும்தான் வேலை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது பார்த்தோமே, மண்டல அலுவலகத்தில் யாருக்கும் பள்ளிக் கோப்பை எடுக்கவே நேரம் இருக்காது. டிசம்பருக்குள் திட்டம் உள்ளே போயிருக்க வேண்டும்.

தேர்தல் வரும் வருடமாக இருந்தால் இன்னும் இரண்டு மாதம் முன்னால் தள்ளுங்கள். நடத்தை விதி அமலுக்கு வந்துவிட்டால் புது வேலைக்கு அனுமதி கிடைக்காது. 2024-இல் மார்ச் 16 அன்றே வந்துவிட்டது.

கூட்ட நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் பள்ளியில் வெள்ளிக்கிழமை மாலை 3 மணிக்குத்தான் கூட்டம். காசிமேட்டில் விடியற்காலை மீன் ஏலம் எடுத்து, மதியம் வரை தலைச்சுமையாக விற்று வரும் அக்கா ஒருவர் எங்கள் குழுவில் இருந்தார். 3 மணிக்குத்தான் அவர் கண்ணை மூடுவார், மாலையில் மறுபடி கடை போட வேண்டும். முதல் நான்கு கூட்டத்துக்கு வரவே இல்லை. நாங்கள் அவர் வீட்டு வாசலிலேயே முதல் நாள் போய், என்ன பேசப்போகிறோம் என்று சொல்லி, அவர் சொல்வதை எழுதி வந்தோம். கழிப்பறை விஷயத்தை முதலில் சொன்னதே அவர்தான்: "எம் பொண்ணு காத்தால வூட்ல தண்ணி குடிக்கிறதோட சரி, சாயந்திரம் வர்ற வரைக்கும் வாயே தொறக்கிறதில்ல." அதற்குப் பிறகு அவர் ஒரு கூட்டத்தையும் விடவில்லை.

5. தீர்மானம் எழுதுவது

இந்தப் பகுதியை மட்டுமாவது இரண்டு முறை படியுங்கள். கூட்டத்தில் நாம் எவ்வளவு அழுது பேசினாலும், நோட்டில் எழுதியதுதான் வெளியே போகும்.

எங்கள் முதல் தீர்மானம் ஒரே வரி: "பெண்கள் கழிப்பறையைச் சரிசெய்து தர வேண்டும்." மண்டல அலுவலகத்தில் அதைப் படித்த எழுத்தர் என்னைப் பார்த்து, "இன்னாம்மா தீர்மானம் இது, எத்தினி கதவு, எந்த பில்டிங், எதுவுமே இல்லியே" என்றார். அவர் சொன்னது சரிதான். திரும்பி வந்து, நானும் ஒரு ஆசிரியரும் இஞ்சு டேப்போடு உள்ளே போனோம். தகரக் கதவின் அடிப்பாகம் கடல் காற்றில் அரித்துப்போய், ஒரு சாண் உயரத்துக்கு இலை மாதிரி உதிர்ந்துகொண்டிருந்தது. உள்ளே உட்கார்ந்தால் வெளியே நிற்பவருக்குக் கால் தெரியும். தாழ்ப்பாளுக்குப் பதில் துப்பட்டாவைக் கட்டி இழுத்துப் பிடித்துக்கொள்ள ஒரு ஓட்டை. அந்த ஓட்டையின் விளிம்பு துணி உராய்ந்து வழவழப்பாக இருந்தது. அதைத் தொட்டுப் பார்த்த பிறகு எனக்குத் தீர்மானம் எழுதத் தெரிந்தது.

இரண்டாவது முறை இப்படி எழுதினோம்:

"பள்ளியின் பழைய கட்டடம், தரைத்தளம், பெண்கள் கழிப்பறையில் உள்ள 4 அறைகளில் 3 அறைகளின் தகரக் கதவுகள் அடிப்பாகம் அரித்து, தாழ்ப்பாள் இன்றி உள்ளன. 6 முதல் 10-ஆம் வகுப்பு வரையிலான மாணவியர் இவற்றையே பயன்படுத்துகின்றனர். துருப்பிடிக்காத பி.வி.சி. கதவுகள் 3, உள் தாழ்ப்பாளுடன் பொருத்தவும், தண்ணீர்க் குழாய் இணைப்பைச் சரிசெய்யவும் மதிப்பீடு தயாரித்துத் தருமாறு மண்டல உதவிப் பொறியாளரைக் கேட்டுக்கொள்வது என்று ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. அளவுகளும் 4 புகைப்படங்களும் இணைக்கப்பட்டுள்ளன. இப்பணியைத் தொடர்ந்து கவனிக்கும் பொறுப்பு உறுப்பினர் இருவருக்கு அளிக்கப்படுகிறது."

எங்கே, எத்தனை, யாருக்குப் பாதிப்பு, யார் செய்ய வேண்டும், நம் பக்கம் யார் பொறுப்பு. இந்த ஐந்தும் இருந்தால் அந்தத் தீர்மானத்தைத் திருப்பி அனுப்ப முடியாது.

இன்னும் சில: ஒரு தீர்மானத்தில் ஒரு வேலை மட்டும். கழிப்பறை, கணக்கு ஆசிரியர், சுற்றுச்சுவர் மூன்றையும் ஒரே தாளில் எழுதினால் மூன்று துறைக்கும் போகாது. தேதி, வரிசை எண் கட்டாயம். எழுதி முடித்த இடத்துக்குக் கீழே கோடு போட்டு, அதற்குப் பிறகு கையெழுத்து. கையெழுத்துக்கு மேலே வெற்றிடம் விடாதீர்கள். வெற்றுப் பக்கத்தில் கையெழுத்துக் கேட்டால், யார் கேட்டாலும், போடாதீர்கள். "செயலியில் ஏத்தணும், போட்டோ மட்டும் எடுத்துக்கலாம்" என்று கூட்டமே நடக்காமல் வரிசையாக நிற்கவைப்பதும் இதே வகைதான்.

ஆசிரியர் பிரதிநிதியாக இருப்பவர்களுக்கு: பல பெற்றோருக்கு எழுத வராது, அதனால் நோட்டை உங்களிடம்தான் தள்ளுவார்கள். எழுதியதைச் சத்தமாக ஒருமுறை படித்துக் காட்டிவிட்டுக் கையெழுத்து வாங்குங்கள். எங்கள் பள்ளியில் அந்த ஆசிரியர் இதைத் தவறாமல் செய்தார். குழுவின் மேல் எங்களுக்கு நம்பிக்கை வந்தது அதனால்தான்.

நோட்டின் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து, தலைமை ஆசிரியரின் கையொப்பமும் பள்ளி முத்திரையும் வாங்கி, மூன்று பிரதி வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று அலுவலகத்துக்கு, ஒன்றில் "பெற்றுக்கொண்டேன்" என்று தேதியோடு முத்திரை வாங்கி நம் கையில், ஒன்று பள்ளியில். முத்திரை இல்லாமல் திரும்பி வராதீர்கள். நான் வந்தேன். அந்தத் தாள் வரவே இல்லை என்று அப்புறம் சொல்லிவிட்டார்கள்.

6. பணம் எங்கிருந்து வரும்

ஒவ்வொரு பணத்துக்கும் ஒரு வாசல். தவறான வாசலில் நின்றால் வருடம் போய்விடும்.

பள்ளி மானியம். சமக்ர சிக்ஷா என்ற, ஒன்றிய அரசும் மாநில அரசும் சேர்ந்து நிதி தரும் பள்ளிக் கல்வித் திட்டத்தின் ஒருங்கிணைந்த மானியம் மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்தது. 30 பேர் வரை 10,000 ரூபாய், 100 வரை 25,000, 250 வரை 50,000, 1,000 வரை 75,000, அதற்கு மேல் 1 லட்சம். இதில் குறைந்தது பத்தில் ஒரு பங்கைத் தூய்மைப் பணிக்குச் செலவழிக்க வேண்டும். விளையாட்டுப் பொருள்களுக்குத் தனியாக உண்டு. உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிக்கு 25,000 வரை. உங்கள் பள்ளியில் 240 பேர் இருந்தால் எமிஸ் பதிவைக் கவனியுங்கள். இன்னும் 11 பேர் சேர்ந்தால் 25,000 ரூபாய் கூடும். பக்கத்துத் தெருவில் பள்ளிக்குப் போகாமல் இருக்கும் பிள்ளைகளைக் கூட்டிவருவது குழுவின் வேலையும்கூட.

இந்தப் பணத்தை மட்டும் நம்பி உட்காராதீர்கள். ஒன்றிய அரசுக்கும் தமிழ்நாட்டுக்கும் பி.எம்.ஸ்ரீ என்ற ஒன்றிய அரசின் மாதிரிப் பள்ளித் திட்ட ஒப்பந்தம் தொடர்பாக எழுந்த பிணக்கில் 2024-25-க்கான சமக்ர சிக்ஷா நிதி விடுவிக்கப்படாமல் நின்று, விஷயம் உச்ச நீதிமன்றம் வரை போனது. பல்பு, தாழ்ப்பாள், சுண்ணாம்பு போன்ற சின்னச் செலவுக்குத்தான் இது. கட்டடத்துக்கு இல்லை.

மாநகராட்சியின் சொந்தப் பணம். கதவு, கூரை, கழிப்பறை, மின்இணைப்பு எல்லாம் இதில்தான். சென்னையில் சொத்து வரியோடு கல்வி வரியும் சேர்த்துத்தான் வசூலிக்கிறார்கள். மனு கொடுக்கும்போது தலை குனிய வேண்டியதில்லை. பாதை இதுதான்: தீர்மானம் தலைமை ஆசிரியர் வழியாக உதவிக் கல்வி அலுவலருக்கு, ஒரு பிரதி மண்டலப் பொறியாளருக்கு. தண்டையார்பேட்டை 4-ஆம் மண்டலம், ராயபுரம் 5, திரு.வி.க. நகர் 6, திருவொற்றியூர் 1, மணலி 2, மாதவரம் 3. மண்டலத்தில் நகராவிட்டால் ரிப்பன் மாளிகை. தண்டையார்பேட்டையிலிருந்து மெட்ரோவில் ஏறினால் மாறாமல் சென்ட்ரல், இறங்கினால் பக்கத்திலேயே. காலை 10.30-க்குப் போங்கள். மதியத்துக்கு மேல் போய் நான் மூன்று முறை வெறுங்கையோடு வந்தேன்.

கவுன்சிலர், எம்.எல்.ஏ., எம்.பி. கவுன்சிலருக்கு வார்டு மேம்பாட்டு நிதி உண்டு. எம்.எல்.ஏ.வுக்குத் தொகுதி மேம்பாட்டு நிதியாக ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். எம்.பி.க்கு 5 கோடி. வகுப்பறை, கழிப்பறைத் தொகுதி, ஆய்வகம் மாதிரிப் பெரிய வேலைக்கு இவர்களிடம் போங்கள். போகும்போது தீர்மான நகல், புகைப்படம், முடிந்தால் பொறியாளரின் மதிப்பீடு மூன்றும் கையில் இருக்கட்டும். ஏப்ரல், மே மாதத்தில் போங்கள். நிதியாண்டின் தொடக்கத்தில்தான் பட்டியல் காலியாக இருக்கும். இன்னொன்று, தனியாகப் போகாதீர்கள். ஐந்தாறு அம்மாக்கள் சேர்ந்து போங்கள். எந்தக் கட்சிக் கொடியும் வேண்டாம், பள்ளிப் பெயர் மட்டும் போதும். குழுவில் கட்சி நுழைந்துவிட்டால், கவுன்சிலர் மாறும்போது உங்கள் கோப்பும் அடியில் போய்விடும்.

நமக்கு நாமே திட்டம். மதிப்பீட்டில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை மக்கள் போட்டால் மீதியை அரசு போடும். முன்னாள் மாணவர்கள் சேர்ந்தால் நடக்கும். பெற்றோர் தலையில் கட்டாதீர்கள்.

தொழிற்சாலைகள். மணலி, எண்ணூர்ப் புகையை நாம்தான் சுவாசிக்கிறோம். 2013-ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின் 135-ஆம் பிரிவின்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் உள்ள நிறுவனங்கள் மூன்று ஆண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். தாங்கள் இயங்கும் பகுதிக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. கல்வி அந்தப் பட்டியலில் உண்டு. அவர்களும் ஏப்ரலுக்கு முன்பே ஆண்டுத் திட்டம் போட்டுவிடுவார்கள். ஜனவரியில் கடிதம் போய்ச் சேர வேண்டும். பணமாகக் கேட்காதீர்கள். பொருளாக அல்லது வேலையாகக் கேளுங்கள்: "40 பெஞ்சு", "மணிக்கு இத்தனை லிட்டர் சுத்திகரிப்பு இயந்திரம், மூன்று வருடப் பராமரிப்போடு." பராமரிப்பைச் சேர்க்க மறந்தால் அடுத்த வருடம் அந்த இயந்திரத்தின் மேல் துணி போர்த்தியிருக்கும். அரசுப் பள்ளிகளுக்கு 2022 டிசம்பரில் தொடங்கிய "நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி" திட்டம் வழியாகவும் நன்கொடை வரலாம். வெளியிலிருந்து கொடுக்க நினைப்பவர்களுக்கு அந்த வழியைக் காட்டுங்கள். ரொக்கத்தை யாரும் கையில் வாங்கக் கூடாது.

7. கணக்கும் கையெழுத்தும்

குழுவின் கணக்கைத் தலைவரும் தலைமை ஆசிரியரும் சேர்ந்துதான் இயக்க வேண்டும். தலைவராக வரும் அம்மா படிக்காதவராக இருந்தால், காசோலையையோ பில்லையோ நீட்டி "இங்க போடும்மா" என்பார்கள். வேலை முடிந்ததைக் கண்ணால் பார்த்த பிறகே போட வேண்டும். எங்கள் கதவுகள் வந்த அன்று நாங்கள் மூன்று பேர் போய் ஒவ்வொன்றையும் பத்து முறை மூடித் திறந்து பார்த்தோம். ஒன்றின் தாழ்ப்பாள் சட்டத்துக்குப் பொருந்தவில்லை. மாற்றிய பிறகுதான் கையெழுத்து.

ஒவ்வொரு செலவுக்கும் பில், அதன் பின்புறம் தீர்மான எண். மூன்று கடை விலைப்பட்டியல் வாங்குங்கள். கணக்கை ஆண்டுதோறும் தணிக்கை செய்ய வேண்டும் என்பது விதி. ஏப்ரல் கூட்டத்தில் முழு வருடக் கணக்கைப் படிக்கச் சொல்லுங்கள்.

பெற்றோர் ஆசிரியர் கழகம் வேறு, மேலாண்மைக் குழு வேறு. இரண்டின் பணத்தையும் ஒன்றாகக் கலக்க விடாதீர்கள். குழுவின் பெயரில் பெற்றோரிடம் வசூல் என்று யாராவது தொடங்கினால், அதை எதிர்க்கும் முதல் ஆள் நீங்களாக இருங்கள்.

8. எது நம் கையில் இருக்கிறது, எது இல்லை

பாடத்திட்டம், ஆசிரியர் இடமாற்றம், தேர்வு முறை நம் கையில் இல்லை. அதற்காகத் தீர்மானம் போட்டு நேரத்தை வீணாக்காதீர்கள்.

இடைநின்ற பிள்ளைகள், சத்துணவின் தரம், கழிப்பறை, குடிநீர், பள்ளி வாசலில் போதைப்பொருள் விற்கும் கடை, மாற்றுத்திறன் பிள்ளைகளுக்குச் சாய்தளம், ஆசிரியர் காலியிடம் இவை எல்லாம் பேசலாம், கேட்கலாம். காலியிடத்தில் தற்காலிக ஆசிரியரைக் குழு வழியாக நியமித்த முன்மாதிரி உண்டு. 2022-இல் மாநிலம் முழுக்க 13,331 இடங்களுக்கு அப்படித்தான் அனுமதி தந்தார்கள். உங்கள் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு ஆசிரியர் இல்லையென்றால் ஜூன் மாதமே எழுதுங்கள். அரையாண்டுத் தேர்வு வரை காத்திருந்தால் பிள்ளைகளுக்கு எந்தப் பயனும் இல்லை.

ஒன்பதாவதில் நின்றுபோகும் பையன்கள் நம் பக்கம் அதிகம் கண்ணில் படுகிறார்கள். துறைமுக வேலை, லாரி ஷெட், மீன் ஏற்றுவது என்று போய்விடுகிறார்கள். வருகைப் பதிவேட்டில் தொடர்ந்து பத்து நாள் வராதவர்களின் பெயரைக் கூட்டத்தில் கேளுங்கள். பெயரைப் படித்தாலே அந்தத் தெருவில் இருக்கும் உறுப்பினர் ஒருவர், "அந்தப் பையனா, நாளைக்கு நான் போய்ப் பார்க்கிறேன்" என்பார்.

பிள்ளைகளின் பாதுகாப்பு சார்ந்த புகார் வந்தால் அதைக் குழுவில் வைத்துப் "பேசித் தீர்க்க" முயலவே கூடாது. குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு அழையுங்கள். பிள்ளையின் பெயர் நோட்டில் ஏறக் கூடாது.

9. பதில் வராதபோது

முப்பது நாள் பொறுங்கள். அப்புறம் முத்திரை வாங்கிய நகலைக் காட்டி நேரில் கேளுங்கள். மாநகராட்சி சம்பந்தப்பட்டதற்கு 1913, பள்ளிக்கல்வித் துறை சம்பந்தப்பட்டதற்கு 14417, பொதுவாக முதல்வரின் முகவரி 1100. புகார் எண்ணைத் தீர்மான நோட்டிலேயே குறித்துவிடுங்கள், அடுத்த கூட்டத்தில் எல்லாரும் பார்ப்பார்கள்.

அதற்கும் அசையவில்லையா, தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு. 10 ரூபாய்க்கு கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும், நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய், 30 நாளில் பதில் தர வேண்டும். "ஏன் செய்யவில்லை?" என்று கேட்காதீர்கள், அதற்குப் பதில் வராது. "இந்தத் தேதியில் நாங்கள் கொடுத்த, இந்த எண்ணுள்ள தீர்மானத்தின் மீது எடுத்த நடவடிக்கைக் கோப்பின் நகல் வேண்டும்" என்று கேளுங்கள். நான் இதை அனுப்பிய பன்னிரண்டாம் நாள் பொறியாளர் பள்ளிக்கு வந்தார். கதவு மாட்டியது அதிலிருந்து இரண்டு மாதத்தில். மொத்தமாக என் கைச்செலவு ஜெராக்ஸ், தபால், மெட்ரோ எல்லாம் சேர்த்து 600 ரூபாய்க்குள்.

தலைமை ஆசிரியர் இடமாறுதலில் போவார், நீங்களும் இரண்டு வருடத்தில் வெளியே வருவீர்கள். ஆகவே கடைசிக் கூட்டத்துக்கு முன்பே ஒரு ஃபைல் கட்டிவையுங்கள்: தீர்மான நகல்கள், முத்திரைப் பிரதிகள், புகார் எண்கள், எந்த அலுவலகத்தில் எந்த மேசை என்ற குறிப்பு, பாதியில் நிற்கும் வேலைகளின் பட்டியல். அதைப் பள்ளி அலமாரியில் வைக்காமல் புதிய தலைவரின் கையில் கொடுங்கள், ஒரு மணி நேரம் உட்கார்ந்து பக்கம் பக்கமாகக் காட்டுங்கள். நான் என் ஃபைலைக் கொடுத்தது அந்த மீன்கார அக்காவிடம். அவருடைய இளைய மகள் இப்போது ஏழாவது படிக்கிறாள். சுற்றுச்சுவர்த் தீர்மானம் ஆகஸ்டிலேயே போய்விட்டது.